நான் நீக்கிய பக்கம்

மன்ற மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் என் அறைக் கதவை மூன்று முறை தட்டிவிட்டார். முதல் முறை உறங்குவதுபோல் நடித்தேன். இரண்டாம் முறை தேர்வைக் காட்டித் தப்பினேன். மூன்றாம் முறை அவர் விடுதி மெஸ்ஸில் சாம்பார் வாளிக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார். "காதல் கதை வேண்டாம், ஏழு வந்துவிட்டது. டில்லிக் குளிரைப் பற்றிய கவிதையும் வேண்டாம், அது பதினொன்று. கோடையில் ஏதோ சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தாயாமே, அதை எழுது" என்றார். எழுதுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்ப்பதுபோல் இது நகைச்சுவைக் கட்டுரையாக முடியுமா என்பது எனக்கே ஐயமாக இருக்கிறது.

2024 மே மாதம் தேர்வு முடிந்ததும் நீங்கள் எல்லோரும் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி ஊருக்குப் போய் மாம்பழம் சாப்பிட்டீர்கள். நானோ நாள்தோறும் விசுவவித்யாலயா நிலையத்தில் மஞ்சள் தடத்து மெட்ரோவில் ஏறி, மத்தியச் செயலகத்தில் இறங்கி, நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் நடந்து, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றுக்குப் பயிற்சிக்குப் போய்வந்தேன். அலுவலகத்தின் பெயர் எதற்கு? அந்த வட்டாரத்தில் எந்தக் கட்டடத்தை நினைத்துக்கொண்டாலும் பெரிய தவறில்லை. அதே நீண்ட தாழ்வாரம், அதே இரும்பு அலமாரிகள், சன்னலோரம் டிபன் டப்பாவை வைத்தால் எடுத்துக்கொண்டு போகும் அதே குரங்குகள்.

என் வேலை என்னவென்று சொல்லவேண்டும். ஒவ்வொரு பெரிய அலுவலகத்துக்கும் வெளியார் பார்க்க முடியாத ஓர் உள்வலைத் தளம் உண்டு. சுற்றறிக்கைகள், விடுப்பு விண்ணப்பம், தொலைபேசிப் பட்டியல், கேன்டீன் விலைப்பட்டியல், யார் எந்த அறையில் இருக்கிறார் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் அலுவலகத் தளத்தின் முதல் பக்கங்களை யாரோ ஒரு புண்ணியவான் பிரண்ட்பேஜ் என்னும் மென்பொருளில் செய்திருந்தார். அந்த மென்பொருளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2006-லேயே கைவிட்டுவிட்டது. நிறுவனம் கைவிட்டாலும் அலுவலகம் கைவிடவில்லை. பக்கத்தின்மேல் பக்கமாக அடுக்கிக்கொண்டே வந்தார்கள். பழைய சுற்றறிக்கை ரத்தானால் அதை எடுக்கமாட்டார்கள். பக்கத்திலேயே புதியதை வைப்பார்கள். எது செல்லும், எது செல்லாது என்பது தேதியைப் பார்த்துக் கணிக்கவேண்டிய ஜோதிடமாக இருந்தது.

இதையெல்லாம் துரூபல் என்னும் திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றுவதென்று தீர்மானித்திருந்தார்கள். ஒப்பந்தக்காரர் அனுப்பிய இரண்டு நிரலாளர்கள். அவர்களுக்கு எடுபிடியாக நான். துரூபலின் பிறப்பைப் பற்றிச் சொன்னால் விடுதிவாசிகளாகிய உங்களுக்குப் பிடிக்கும். 2000-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் டிரீஸ் பாய்டேர்ட் என்ற மாணவரும் அவருடைய தோழர்களும் ஓர் இணைய இணைப்பைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். இன்றிரவு சாப்பாடு எங்கே, இணைப்பு ஏன் அறுந்தது என்று ஒருவருக்கொருவர் எழுதி வைக்க அவர் ஒரு சிறு பலகை செய்தார். 'கிராமம்' என்று பொருள்படும் டச்சுச் சொல்லைப் பெயராக வைக்க எண்ணி, எழுத்துப் பிழையால் 'துளி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பதிவு செய்துவிட்டாராம். 2001 ஜனவரியில் அதன் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டார். 2009-இல் அமெரிக்க அதிபர் மாளிகையின் தளம் அதற்கு மாறிச் சில ஆண்டுகள் அதில் இருந்தது. நம் அரசின் தரவுத் தளமும் 2012-இல் அதைக்கொண்டே எழும்பியது. விடுதி மெஸ்ஸைப் பற்றிய புலம்பலிலிருந்து எது பிறக்கும் என்று யார் கண்டது?

எங்கள் மேலதிகாரிக்கு ஒரே கேள்விதான் இருந்தது. "முஃப்த் ஹை?" இலவசம்தானே? 2015-இல் இந்திய அரசு வெளியிட்ட கொள்கை, அரசுத் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை தரவேண்டும் என்கிறது. விட்டுவிடுவதானால் காரணம் காட்டவேண்டும். ஆகவே கோப்பில் சிக்கல் இல்லை. ஆனால் இலவசம் என்ற சொல்தான் சிக்கல். மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை, அவ்வளவே. சர்வருக்குக் காசு உண்டு. (சர்வர் என்றதும் எனக்கு எப்போதும் காபி நினைவுதான் வரும். இந்தச் சர்வர் குளிரூட்டிய அறையில் பூட்டி வைத்தது; எதையும் கொண்டுவந்து தராது.) ஆயிரக்கணக்கான பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்ல மனிதர் வேண்டும். அந்த மனிதரின் நேரத்துக்கு எந்தக் கோப்பிலும் பணம் ஒதுக்கவில்லை. அதனால்தான் சம்பளம் இல்லாத நான் அங்கே இருந்தேன்.

எக்செல் தாளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி. பச்சை நிறம் தீட்டினால் புதிய தளத்துக்குப் போகும். மஞ்சள் என்றால் அதிகாரியைக் கேட்கவேண்டும். சிவப்பு என்றால் நீக்கம். எப்படித் தீர்மானிப்பது என்று நிரலாளரைக் கேட்டேன். "கடைசியாக எப்போது திருத்தினார்கள், ஆண்டில் எத்தனை முறை திறந்து பார்த்தார்கள், பொறுப்பாளர் யார், இவ்வளவுதான்" என்றார். எனக்கும் அது அறிவியல் முறையாகவே பட்டது. கேன்டீன் பட்டியலை ஆண்டில் ஆயிரக்கணக்கான முறை திறந்திருந்தார்கள், கொழுந்து பச்சை. யாரும் தொடாத பக்கங்களுக்கு மளமளவென்று சிவப்பு அடித்தேன். மஞ்சளைக் குறைவாகவே பயன்படுத்தினேன். அதிகாரியைக் கேட்பதென்றால் அவர் அறை வாசலில் அரைநாள் நிற்கவேண்டுமே! தாள் முடிந்ததும் அவர் அதைப் புரட்டாமலே ஒப்பமிட்டார். புரட்டியிருந்தால்தான் என்ன, அறுநூறு சிவப்பு வரிகளை யார் படிப்பார்கள்?

இங்கே என் இந்தி ஞானத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசலாம், பால்காரரிடம் கணக்குத் தீர்க்கலாம், அதற்குமேல் இல்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஆனால் அந்தத் தளத்தின் இந்திப் பக்கங்களை இந்தி அறிந்தவர்களாலேயே என் கணிப்பொறியில் வாசிக்க முடியவில்லை. காரணம் கிருதிதேவ் என்ற பழைய எழுத்துரு. அந்த முறையில் கணிப்பொறி உள்ளே வைத்துக்கொள்வது ஆங்கில எழுத்துகளைத்தான். எழுத்துரு அவற்றுக்கு இந்தி வடிவம் போர்த்திக் காட்டும். 'பாரத்' என்று காண்கிற சொல் உள்ளே எச், கே, கே, ஜே, ஆர் என்று இருக்கும். எழுத்துருவைக் கழற்றிவிட்டால் பாரதம் போய்விடும், இந்த ஐந்தும்தான் மிஞ்சும்.

இதைக் கேட்டுச் சிரிக்க நமக்கு உரிமையில்லை. யூனிகோடு பரவுமுன் தமிழிலும் ஊருக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்று இரண்டைத் தரப்படுத்தினார்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். என் தாத்தா ஓய்வுபெற்ற பிறகு கணிப்பொறி கற்று எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றை நாற்பது பக்கம் தட்டிவைத்தார். எந்த எழுத்துருவில் என்று எழுதிவைக்கவில்லை. அவர் போய்விட்டார், கோப்பு இருக்கிறது, திறந்தால் கேள்விக்குறியும் கட்டமும். நம் மன்ற அலமாரியில் இருக்கும் குறுந்தகடுகளையும் யாராவது ஒருநாள் திறந்து பாருங்கள்.

சரி, அலுவலகத்துக்கு வருவோம். கிருதிதேவை யூனிகோடாக்க யாரோ ஒருவர் எழுதி உலகுக்குப் பொதுவாக விட்டிருந்த சிறு நிரல் ஒன்றைப் பயன்படுத்தினோம். பெரும்பாலும் நன்றாகவே மாற்றியது. பச்சை அடித்த பக்கங்களுக்கு மட்டும்தான் மாற்றம். சிவப்புப் பக்கங்களை யார் மாற்றப் போகிறார்கள்? அந்தச் சிவப்பில் ஒரு பக்கம், தலைப்புமுதல் அடிவரை ஆங்கில எழுத்துக் குப்பை. பொறுப்பாளர் பெயர் இல்லை. ஆண்டில் மூன்றே மூன்று பார்வைகள். அதற்கு நிறம் தீட்ட எனக்கு இரண்டு விநாடி ஆகியிருக்கும்.

ஜூலை முதல் வாரம் ஒரு திங்கட்கிழமை புதிய தளம் திறப்பு விழா. கணிப்பொறிக்குச் சாமந்தி மாலை, எல்லோருக்கும் சமோசா. அதிகாரி சுட்டியை அழுத்தினார், கைதட்டினோம். நான் அன்றிரவு விடுதியில் கொஞ்சம் தலைகனத்தோடுதான் நடந்தேன் என்பதை என் அறைத்தோழர் இங்கே சாட்சி சொல்வார்.

அடுத்த வாரம் எங்கள் அறைக்குப் படே பாபு வந்தார். தலைமைக் குமாஸ்தாவை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். முழங்கால் வலிக்காக மூன்று வாரம் விடுப்பில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். கையில் நீல அட்டை போட்ட நோட்டு. தளத்தின் முக்கியமான பக்கங்களின் முகவரிகளை அதில் மையால் எழுதி வைத்திருந்தார்! நோட்டைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"பேட்டா, இதைத் தட்டினால் நானூற்று நான்கு என்று வருகிறது. என் பக்கம் எங்கே?"

தாளில் தேடினேன். சிவப்பு.

"அதை யாரும் பார்ப்பதே இல்லை, படே பாபு. ஆண்டில் மூன்று முறைதான் திறந்திருக்கிறார்கள்" என்றேன்.

"ஆமாம்" என்றார். "மூன்று பேர் இறந்தார்கள்."

பிறகு அந்த மூவரின் பெயரையும், எந்தப் பிரிவு, எந்த மாதம் என்பதையும் நோட்டைப் பார்க்காமலே சொன்னார். பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்துவிட்டால் குடும்பத்தார் என்ன செய்யவேண்டும், எந்தப் படிவம், எத்தனை நிழற்படம், எந்த அறை, யாரிடம் கையெழுத்து என்பதை எளிய இந்தியில் எழுதி அவர் செய்த பக்கம் அது. விதி மாறும்போதெல்லாம் அவரே திருத்தி வந்திருக்கிறார். பொறுப்பாளர் என்று தம் பெயரைப் போட்டுக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

அவர் சும்மா வரவில்லை. தாழ்வாரத்தில் பெஞ்சில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். அருகில் ஐந்து வயதிருக்கும் ஒரு பையன். சோனிபட்டிலிருந்து ரயிலில் இரண்டாம் முறையாக வந்திருக்கிறார். கணவர் ஸ்டெனோகிராபர். 2019-இன் பிற்பகுதியில் வேலைக்குச் சேர்ந்து, அந்த ஆண்டு வசந்தத்தில் மாரடைப்பால் இறந்தவர். ஐந்து ஆண்டுப் பணிகூட நிறையவில்லை. படே பாபு விடுப்பில் இருந்ததால் அந்த மேசைக்குப் புதிதாக வந்த இளைஞர் கோப்பைத் தயாரித்திருக்கிறார். படே பாபுவின் பக்கத்தைத் தேடியிருக்கிறார், இல்லை. அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த பழைய அச்சுத்தாளைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டார்.

அந்தத் தாள் சொன்ன விதி இது: ஏழு ஆண்டு தொடர்ந்து பணிசெய்திருந்தால்தான் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி, குறைந்தால் தொடக்கத்திலிருந்தே முப்பது சதவீதம். 2019 அக்டோபர் 1 முதல் அந்த ஏழாண்டு நிபந்தனை போய்விட்டது. இப்போது முதல் 10 ஆண்டுகளுக்குப் பாதி, அதன்பின்தான் முப்பது சதவீதம். இறந்தவரின் அடிப்படைச் சம்பளம் 28,700 ரூபாய். பாதி 14,350. முப்பது சதவீதம் 8,610; குறைந்தபட்சம் 9,000 என்று விதி இருப்பதால் 9,000. இளைஞர் 9,000 என்றே எழுதியிருந்தார். அகவிலைப்படியைச் சேர்க்காமலே மாதம் 5,350 ரூபாய் வித்தியாசம். அந்த அம்மாள் அந்தத் தாளில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. கோப்பு இன்னும் கணக்கு அலுவலகத்துக்குப் போகவில்லை என்று படே பாபு சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. போயிருந்தாலும் அங்கே பிழையைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று பின்னால் நண்பர்கள் என்னைத் தேற்றினார்கள். இருக்கலாம். அப்படித் திரும்பிவரும் கோப்பு எத்தனை மாதம் நடக்கும் என்று படே பாபுவைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, சிரித்தார்.

பழைய சர்வர் கழிவுப்பொருள் பட்டியலில் ஏறி, அந்த வெள்ளிக்கிழமை கிடங்குக்குப் போகவிருந்தது. அதற்குமுன் வட்டைத் துடைக்கவேண்டும் என்பது உத்தரவு. நல்லவேளை, துடைப்பவர் வியாழக்கிழமைதான் வருவார். நான் ஓடிப்போய்ச் சர்வரை எழுப்பி அந்தப் பக்கத்தை எடுத்தேன். மாற்றும் நிரலில் போட்டேன். வந்தது, ஆனால் இரண்டு இடத்தில் நொண்டியது. இந்தியில் குறில் இகரக் குறி, நம் 'கெ'யின் கொம்பைப்போல, எழுத்துக்கு முன்னால் நிற்கும்; ஒலிப்பதோ பின்னால். பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டியிருப்பார்கள். யூனிகோடில் ஒலிக்கும் வரிசையில் இருக்கவேண்டும். எழுத்தின் தலைமேல் பறக்கும் ரகரத்துக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. ஆண்டு என்று பொருள்படும் 'வர்ஷ்' என்ற சொல்லில் அந்த ரகரம் தவறான தலையில் போய் உட்கார்ந்திருந்தது. எந்தச் சொல்லைப் பாருங்கள்!

படே பாபு என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரிவரியாக வாசித்துத் திருத்தச் சொன்னார். இந்தித் தட்டச்சில் என் வேகத்தைக் கண்டு அவர் ஒருமுறைகூடப் பெருமூச்சு விடவில்லை, அது பெருந்தன்மை. நான்கு மணிக்குப் பக்கம் புதிய தளத்தில் ஏறியது. இளைஞர் அதைப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார். அந்த அம்மாளை உள்ளே அழைத்து மறுபடி கையெழுத்து வாங்கினார்கள். பழைய தாளில் என்ன பிழை என்று படே பாபு பொறுமையாக விளக்கினார். பிழை எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அந்த அம்மாள் பக்கத்தின் அச்சுப்படி ஒன்று கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதை இப்போது இங்கே எழுதுவதால் கணக்குத் தீர்ந்துவிடாது என்பதும் தெரியும்.

பயிற்சி முடிய மூன்று வாரம் இருந்தது. சிவப்புத் தாளை மறுபடி எடுத்தேன். மாலை ஐந்தரைக்குமேல் படே பாபுவும் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் காப்பாற்று என்பார் என்று நினைத்தேன், ஏமாந்தேன். என்னைவிடக் கொடுமையாக வெட்டினார். தாமே எழுதிய பக்கங்கள் பலவற்றைக் கண்ணிமைக்காமல் அடித்தார். "செத்த சுற்றறிக்கை உயிருள்ளதைக் கொன்றுவிடும், பேட்டா" என்றார். அறுநூற்றில் நாற்பத்தொன்றுதான் மீண்டன. அவற்றுள் ஒன்று, லிப்ட் நடுவில் நின்றுவிட்டால் யாரை அழைப்பது என்ற குறிப்பு. அதன் பார்வைக் கணக்கு பூஜ்யம். லிப்டுக்குள் கணிப்பொறி ஏது? அச்சிட்டு உள்ளே ஒட்டினோம்.

புதிய தளத்தையும் குறை சொல்லக்கூடாது. 'பாரிவாரிக் பென்ஷன்' என்று இந்தியில் தட்டினால் இப்போது அந்தப் பக்கம் முதலாவதாக வந்து நிற்கிறது. பழைய தளத்தில் ஆயுள் முழுவதும் தேடினாலும் கிடைத்திராது. பழைய முகவரியைத் தட்டினாலும் புதிய இடத்துக்குக் கொண்டுபோய் விடும்படி செய்தோம். நீல நோட்டு வீணாகவில்லை. ஒவ்வொரு திருத்தமும் யார், எப்போது செய்தது என்று தானே பதிவாகிறது. 'பொறுப்பாளர்', 'மறுபடி பார்க்கவேண்டிய நாள்' என்று இரண்டு கட்டங்களை ஒரே பிற்பகலில் நாங்களே சேர்த்தோம். அவற்றை நிரப்பாமல் எந்தப் பக்கமும் ஏறாது. எந்தக் கம்பெனிக்கும் கடிதம் எழுதிக் காத்திருக்கவில்லை. திறந்த மூலம் என்பதன் பொருள் எனக்கு அன்றுதான் கையில் தட்டுப்பட்டது. பறக்கும் ரகரப் பிழைக்குத் திருத்தம் எழுதி அந்த முகமறியா நிரலாளருக்கு அனுப்பினேன். எட்டு நாளில் ஏற்றுக்கொண்டு, இந்தியில் ஒரு வரி நன்றி எழுதியிருந்தார். எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

அந்தப் பக்கத்தின் பொறுப்பாளர் கட்டத்தில் படே பாபுவின் பெயரை இட்டேன். "எனக்கு ஓய்வு வரப்போகிறதே" என்றார். "அதற்குள் வேறு ஒருவரைப் போட்டுவிடுவார்கள்" என்றேன்.

அவர் 2025 மார்ச் 31 அன்று ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார், போனேன். சமோசா அதே சமோசா. கூட்டம் கலைந்தபின் பழைய அறைக்குப் போய்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பொறுப்பாளர் கட்டத்தில் அவர் பெயர்தான் இருந்தது. ஜூலைக்குப் பிறகு நான்கு பார்வைகள்.